கரண்டி அக்கா ஸ்டெப்னிக்குச் சுட்ட பிஸ்கட்

பேருந்துப் பணிமனையின் கேன்டீனில் கரண்டி அக்கா வைத்ததுதான் சட்டம். மேலாளர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள், அக்கா அசையமாட்டாள். வெங்காயம் உரிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவள், வெட்டும் மேசைக்கு மாறி, அங்கிருந்து அடுப்படிக்கு நகர்ந்து, ஒருநாள் பெரிய கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை. பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவளுடைய சொந்தப் பெயர் அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவளுடைய சாப்பாட்டைப் பார்த்து "உப்பு இல்லை" என்று சொன்ன ஆள் பணிமனையில் ஒரே ஒருத்தர்தான். என்ஜின் பிரிவு மெக்கானிக். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் காய்ச்சல் குணமாகி வெகுநாள் வரை அவர் தட்டில் கறித்துண்டு சின்னதாகத்தான் விழுந்தது. அக்கா தங்கமான மனுஷிதான். ஆனால் அவள் சமையலைக் குறை சொன்னால் அந்தத் தங்கம் கொஞ்சம் சூடாகிவிடும்.

அவள் கைக்கென்று ஒரு குணம் உண்டு. சட்டி காய்ந்தால் போதும். மூளை உத்தரவு போடுவதற்கு முன்பே கை ஒரு பிடி வெங்காயத்தை அள்ளி எண்ணெயில் போட்டுவிடும். பின்னாலேயே பூண்டு. அது வதங்கி மணம் கிளம்பிய பிறகுதான் இன்றைக்கு என்ன சமைக்கப் போகிறோம் என்று யோசிப்பாள். இத்தனை வருஷமும் அந்தக் கை அவளைக் கைவிட்டதில்லை. போன வருஷக் கடைசி வரைக்கும்.

ஸ்டெப்னி என்பது அவள் வீட்டு நாய். பணிமனையில் பழைய டயர்கள் அடுக்கிய கொட்டகையில் பிறந்தவன். கூடப்பிறந்ததுகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனபின் மிஞ்சிய குட்டி. பேருந்தோடு தொங்கிக்கொண்டு வரும் உபரிச் சக்கரம் மாதிரி, யார் நடந்தாலும் அவர்கள் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டு போகும். பெயர் வைத்தவர் பேருந்துகளின் நேரம் பார்க்கும் டைம்கீப்பர். பெயர் வைத்ததோடு அவர் கடமை முடிந்தது. காய்கறிக் கூடையில் உட்காரவைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அக்கா.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷின், அதைச் சுற்றித் துணி, துணிக்கு நடுவில் அவர். குட்டியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இது என்ன புது வம்பு? இதை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார். கேட்ட மனிதர் அன்று மாலையே வெட்டித்துணிகளைச் சேர்த்து அதற்கொரு மெத்தை தைத்துவிட்டார். நாலு மூலையும் அளவெடுத்து, ஓரத்துக்குப் பட்டை வேறு. இப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவது சிரமம்.

ஆனால் ஸ்டெப்னிக்கு அக்காதான் எல்லாம். மாலையில் அவள் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டால் வாசல் கதவை உடைக்காத குறை. அவள் உள்ளே வந்து, பையை இறக்கி, மிச்சமிருக்கும் ரொட்டியைப் பிய்த்து நீட்டுவாள். அவன் பல் படாமல் உதட்டால் வாங்குவான். ஊரே சாப்பிடும் கையிலிருந்து கடைசி வாய் அவனுக்கு. நாளெல்லாம் நின்று வலித்த கால் அந்த ஒரு நிமிஷத்தில் வலியை மறந்துவிடும் என்று அவளே சொல்வாள்.

போன வருஷக் கடைசி விடுமுறையில்தான் வினை வந்தது. வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள், எல்லாருக்கும் விருந்து, இவனுக்கு மட்டும் ஏன் வெறும் சோறு என்று அக்காவுக்குத் தோன்றியது. தோன்றியது தப்பில்லை. கொத்துக்கறி வாங்கினாள். சட்டியை வைத்தாள். கை அதன் வேலையைச் செய்தது. வெங்காயம் ஒரு பிடி, இவன் நம்ம பையனாயிற்றே என்று இன்னொரு பிடி, பூண்டு தாராளமாக. பொன்னிறமாக வதக்கி, கறியில் பிசைந்து, உருண்டை பிடித்து, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே ஊட்டினாள். ஸ்டெப்னி வாலை ஆட்டி ஆட்டித் தின்றான். அன்றிரவே வாந்தி. அடுத்தடுத்த நாட்களில் எழுந்து நிற்க முடியாமல் துவண்டு போனான். தையல்காரர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைத் துணியாக வெளுத்திருந்தது.

கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா நல்லவர், ஆனால் பேச்சில் சர்க்கரை சேர்க்காதவர். "என்ன குடுத்தீங்க?" என்றார். அக்கா சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்மா. ரத்தத்தையே உடைச்சிடும். பச்சையா இருந்தாலும் சரி, வதக்கினாலும் சரி, பொடியா இருந்தாலும் சரி."

"விஷமா? நான் தினமும் ஊருக்கே போடுறேனே டாக்டர்."

"ஊரு நாய் இல்லியே!"

வாய்க்கு வாய் பேசுகிறவள் அன்றைக்கு அந்த மர பெஞ்சில் முந்தானையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெப்னிக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள், வேறொரு நாயின் ரத்தம்கூட ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவளை எதிரில் உட்காரவைத்து, வாய்ப்பாடு சொல்லித்தருவது மாதிரி சொல்லிக்கொடுத்தார்: வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, திராட்சை கூடாது, காய்ந்த திராட்சையும் கூடாது, சாக்லேட் கூடாது. சர்க்கரைக்குப் பதிலாகச் சில இனிப்புகளில் சைலிட்டால் என்று ஒன்று போடுகிறார்கள், அது எல்லாவற்றையும் விட மோசம். அக்கா திருப்பிச் சொன்னாள். சைலிட்டால் மட்டும் இருமல் மருந்துப் பெயர் மாதிரி இருந்ததால் நன்றாக மனதில் தங்கிவிட்டது.

"அப்ப இவனுக்கு நான் ஒண்ணுமே செஞ்சு குடுக்கக் கூடாதா டாக்டர்?"

"செய்யலாமே. பூசணி, ஓட்ஸ், முட்டை, வேகவச்ச கோழி. உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், மசாலா வேண்டாம். விருந்துன்னா நாலு வாய்தான், சட்டி நிறைய இல்ல. நீங்கதான் பெரிய சமையல்காரராச்சே, செய்ய முடியாதா என்ன?"

முடியும் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் வீட்டில் வேறொன்று காத்திருந்தது.

ஸ்டெப்னி பழையபடி வாசலுக்கு ஓடிவந்தான். வாலாட்டினான். காலைச் சுற்றினான். அவள் ஒரு துண்டு ரொட்டியை நீட்டினாள். மூக்கை அருகில் கொண்டுவந்தான். ஒரு தடவை மோந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். தையல்காரர் அதே துண்டை எடுத்து நீட்டினார். மோந்து பார்த்து, அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்பு அவர் கடையில் வாங்கிய பொட்டலத்து நாய் உணவைக் கிண்ணத்தில் கொட்டினார். அதை மொறுமொறுவென்று தின்றான்.

உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். உடம்பு தேறியது, அது சரியாகவில்லை. அவள் மடியில் தலைவைத்துத் தூங்குவான். அவள் பின்னால் குளியலறைக் கதவு வரைக்கும் போவான். எல்லாம் உண்டு, அவள் கையால் ஒரு வாய் மட்டும் கிடையாது. மாதக்கணக்கில் இப்படியே. பணிமனையில் அவள் கைச்சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்க, சொந்த வீட்டில் ஒரு ஜீவன் அந்தக் கையைப் பார்த்து முகம் திருப்புகிறது. அவளுக்கு அவமானம் இல்லை, கோபமும் இல்லை, வலித்தது. வெளியில் சொன்னால் நாய்க்குப் போய் இப்படியா என்று சிரிப்பார்கள் என்பதால் அதிகம் சொல்லவும் இல்லை.

"அவன் என்னை மன்னிக்கலங்க," என்றாள் வீட்டுக்காரரிடம்.

"நாய்க்கு மன்னிக்கறதும் தெரியாது, மன்னிக்காம இருக்கறதும் தெரியாது. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதே," என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி.

இந்த வருஷக் கடைசி நெருங்கியபோது அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். போன விடுமுறையில் எதைக் கெடுத்தாளோ அதை இந்த விடுமுறையில் சரிசெய்வது. டாக்டர் சொன்ன பொருளை வைத்தே அவனுக்கு விருந்து செய்வாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தின்பான். வேறு யார் கையிலிருந்தும் இல்லை, கிண்ணத்திலிருந்தும் இல்லை.

முதல் முயற்சி கேன்டீன் அடுப்பில். மத்தியான வேலை முடிந்ததும் பூசணியை வேகவைத்து மசித்தாள், ஓட்ஸைப் பொடித்தாள், முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தாள். வழக்கம்போல விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. ஒன்றுமே இல்லை! சுவர்ச் சுண்ணாம்புக்காவது ஒரு ருசி உண்டு. இப்படி ஒன்றைத் தன் பெயரில் வெளியே விடுவதா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை உப்பு ஜாடிக்குள் போய் வந்துவிட்டது. பார்த்தாள். தன் கையைத் தானே ஓங்கி ஓர் அடி அடித்தாள். சத்தம் கேட்டு டைம்கீப்பர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, கொசுவா?"

"ஆமா, பெரிய கொசு. என் தோள்ல இருந்து தொங்குது."

அந்த மாவைக் கொட்டிவிட்டு மறுபடி பிசைந்தாள், ஒரு கையை இடுப்பில் சொருகிக்கொண்டு. கேன்டீன் தட்டில் வில்லைகளாக அடுக்கிச் சுட்டெடுத்தாள். நல்ல நிறம். வீட்டுக்கு ஓடிவந்து நீட்டினாள். ஸ்டெப்னி மோந்தான், திருப்பிக்கொண்டான். அடுத்த நாள் கோழியை வேகவைத்துச் சேர்த்தாள். திருப்பிக்கொண்டான். அடுத்து கேரட். அதற்கும் அதே மரியாதைதான். ஓட்டுநர்கள் மேசையில் அந்த பிஸ்கட்டுகளைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று வாயில் போட்டு, யாரும் எதுவும் சொல்லாமல், மெதுவாகத் தண்ணீர் குடித்தார்கள். மெக்கானிக்கின் கதை எல்லாருக்கும் தெரியும்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது நாத்தனார். தையல்காரரின் தங்கை, ஊரின் பெரிய கடையொன்றில் சோப்பும் வாசனைத் தைலமும் விற்கும் பகுதியில் வேலை. அவளுக்கு மூக்குதான் மூலதனம். அண்ணி படும் பாட்டைக் கேட்டு, தன் வீட்டுச் சின்ன ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணியைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது போகாது என்பதும் ஒரு காரணம்.

"ஓரமா உக்காருங்க அண்ணி. நாய்க்கு எப்படி சமைக்கறதுன்னு நான் காட்டறேன்."

"நீயா? போன தடவ நீ வெந்நீர் வச்சே அடிபிடிக்க விட்டவளாச்சே."

அதே பூசணி, அதே ஓட்ஸ், அதே முட்டை. நாத்தனாரே பிசைந்து, வீட்டுத் தட்டில் வைத்துச் சுட்டாள். ஆறிய ஒரு வில்லையை நீட்டினாள். ஸ்டெப்னி மோந்தான். வாங்கினான். நொறுக்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். அக்கா அடுத்ததை எடுத்து நீட்டினாள். மோந்தான். திருப்பிக்கொண்டான்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியாடி? உன் கையில வாங்கறான். என்னையத்தான் வேண்டாங்கறான்."

நாத்தனார் சீண்டலை நிறுத்திவிட்டாள். அண்ணியின் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோனாள். கண்ணை மூடி, கடையில் தைலப் புட்டியை மோப்பது மாதிரி மோந்தாள்.

"அண்ணி, உங்க கையை நீங்களே மோந்து பாத்திருக்கீங்களா?"

"ஏன்? சோப்பு போட்டுத்தான் கழுவறேன்."

"சோப்பு மேல நிக்குது. அடியில வெங்காயம், பூண்டு. விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் அதான். உங்களுக்குப் பழகிப்போச்சு, தெரியல. அவன் மூக்கு என் மூக்கவிட எத்தனை மடங்கு! சாகக் கிடந்தப்ப அவன் மூக்குல இருந்த வாடை இது. அவன் உங்கள வேண்டாங்கல அண்ணி. வெங்காயத்த வேண்டாங்கறான்."

அக்கா தன் கையை மோந்து பார்த்தாள். வெறும் கைதான் மணந்தது. அவளுடைய கை எப்போதும் மணப்பது மாதிரி. பிறகு சிரித்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. மன்னிக்காத நாயை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. வாடை என்றால் போக்கிவிடலாம். பாத்திரம் கழுவியே வளர்ந்தவள் அவள்.

மறுநாள் அலுவலகத்தில் போய் நின்று விடுமுறைக்கு முந்திய நாட்களுக்கும் சேர்த்து விடுப்பு கேட்டாள். டைம்கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"லீவா? நீங்களா? யாருக்குக்கா உடம்பு சரியில்ல?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நாய்க்கு பிஸ்கட் சுடணும்."

"அதுக்கு இத்தன நாளா?"

"சுடறதுக்கு அரை நாள் போதும். கையை ஆறப்போடத்தான் மிச்சம்."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, விடுப்பு கிடைத்தது.

அந்த நாட்களில் வீட்டில் வெங்காயம் நுழையவில்லை. அக்கா கையை வெந்நீரில் ஊறவைத்தாள், எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரில் வைத்துத் தேய்த்தாள், மாவு போட்டுத் தேய்த்தாள், நகத்தை ஒட்ட வெட்டினாள். நாத்தனார் வேலை முடிந்து வந்து மோந்து பார்த்து, "இன்னும் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவாள். பழைய வெட்டுப்பலகை, மரக்கரண்டி எல்லாம் பரணுக்குப் போயின. சமையல் தையல்காரர் பொறுப்பு. வெங்காயம், பூண்டு இல்லாமல், சமைக்கவும் தெரியாமல் அவர் செய்ததைச் சாப்பாடு என்று சொல்வதா என்பது அவரவர் மனசாட்சிக்கு விட்ட விஷயம். பீன்ஸைத் துணி வெட்டும் கத்தரியால் ஒரே அளவாக வெட்டியிருந்தார், அது மட்டும் பார்க்க அழகு. அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். இந்தக் கதையில் அவள் செய்த ஆகப் பெரிய தியாகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

விடுமுறைக்கு முந்திய நாள் டைம்கீப்பர் போன் செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். அக்கா கைச்சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போவாராம். "ஒரே ஒரு நேரம்க்கா. வந்து தாளிச்சுட்டுப் போயிடுங்க. உங்க பேரு மேல வரைக்கும் போகும்."

அக்கா கையைப் பார்த்தாள். முந்தின மாலைதான் நாத்தனார் வெகுநேரம் மோந்துவிட்டு, "கிட்டத்தட்ட போயிடுச்சு," என்று சொல்லியிருந்தாள். மேலிடத்தில் பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? இவளுக்கும் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்த 'சரி'யை விழுங்கினாள்.

"அதிகாரிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. விடுமுறை முடிஞ்சு வந்தார்னா வயிறு நிறையப் போடறேன். இப்ப முடியாது."

போனை வைத்ததும் போய் இன்னொரு தடவை கையைக் கழுவிவிட்டு வந்தாள். மேலதிகாரி என்று யார் வந்தாலும் மறுப்பு சொல்லிப் பழக்கமில்லாதவள். ஸ்டெப்னி மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

விடுமுறை நாள் வந்தது. நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மனிதர்களுக்கான விருந்தை நாத்தனார் தன் வீட்டிலேயே சமைத்து, இறுக மூடி எடுத்து வந்திருந்தாள். அக்கா குளித்து, கையை மறுபடி தேய்த்து, மேசைக்கு முன் நின்றாள். பூசணி, ஓட்ஸ், முட்டை. பிசைந்துகொண்டிருக்கும்போது, விருந்தாயிற்றே, கொஞ்சம் சிறப்பாக இருக்கட்டுமே என்ற பழைய ஆசை எட்டிப் பார்த்தது. அலமாரியில் வேர்க்கடலை வெண்ணெய்ப் புட்டி இருந்தது. நாய்களுக்கு வேர்க்கடலை உயிர் என்று மருத்துவமனையில் யாரோ பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. உப்பில்லை, மசாலா இல்லை, இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்தாள். மாவு பளபளவென்று திரண்டு வந்தது. வீடெல்லாம் மணம். ஸ்டெப்னி எழுந்து வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பார்த்து உதட்டை நக்கினான்.

அக்கா ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளினாள். இப்போதே கொடுத்துவிடலாம் போல இருந்தது. குனியப் போனவள் நின்றாள். நாக்கில் வைத்து ருசி பார்த்தாள், பழக்கதோஷம். இனித்தது.

இந்த வீட்டில் எது இனிக்கும்? தையல்காரருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்று எழுதிய எதுவும் வாசல் தாண்டி வருவதில்லை. இவள் மாவில் ஒரு துளி சர்க்கரை போடவில்லை. அப்படியிருக்க இது எங்கிருந்து இனிக்கிறது?

கிள்ளிய மாவைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, புட்டியை எடுத்தாள். "என்னங்க, கண்ணாடிய குடுங்க," என்று கத்தினாள். அவர் ஓடிவந்து மூக்கிலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவள் புட்டியைச் சன்னலோரம் கொண்டுபோய், பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். சர்க்கரை இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது. அதற்குக் கீழே, இருமல் மருந்துப் பெயர் மாதிரி.

"சைலிட்டால்," என்றாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள், தனக்கு அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும்.

சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்காத கை அது. அந்தக் கை முழு மாவையும் வழித்து, இரண்டு பைக்குள் போட்டு இறுகக் கட்டியது. அக்கா தெருக்கோடியில் மூடி போட்ட பெரிய தொட்டிக்கு அதைத் தானே எடுத்துப் போனாள். தெரு நாய் எதுவும் இழுத்துவிடக் கூடாது என்று மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். கிண்ணத்தைக் கழுவினாள், மேசையைக் கழுவினாள், தரையைத் துடைத்தாள். புட்டியைத் தையல்காரரின் கைக்கெட்டும், நாய்க்கு எட்டாத உச்சித் தட்டில் ஏற்றினாள்.

"விருந்து ஆறுது அண்ணி," என்றாள் நாத்தனார்.

"ஆறட்டும். சூடு பண்ணிக்கலாம். இதை நான் மறுபடி முதல்ல இருந்து செய்யப்போறேன்."

"நான் பிசைஞ்சு தரட்டா?"

"வேண்டாம்டி. நானேதான்."

பூசணி, ஓட்ஸ், முட்டை. வேறு எதுவும் இல்லை. இந்த முறை நாக்கில் வைத்தபோது அந்த ஒன்றுமில்லாத ருசி வந்தது. அக்கா அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "ம், சரியா இருக்கு," என்றாள். தன் சமையலைப் பற்றி அவள் இவ்வளவு நிம்மதியாக எப்போதும் சொன்னதில்லை. சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி, ஓவனில் வைத்து, மொறுமொறுப்பாகும்வரை காத்திருந்தாள். தட்டை மேசைமேல் ஆறவைத்தாள்.

நாத்தனார் வீட்டுக்காரருக்குப் பசி தாங்கவில்லை. போகிறபோக்கில் ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டார். இரண்டு தடவை மெல்வதற்குள் முகம் கோணியது.

"என்ன அக்கா இது, உப்பே இல்ல? உறைப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. அட்டைய மெல்லற மாதிரி இருக்கு."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் புருஷனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அக்கா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"நெஜமாவா? ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்ல."

"அப்பாடா!" என்றாள் அக்கா. அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுக்காத குறை.

வில்லை ஆறியதும் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். துணித்துண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டி, திறந்து வைத்தாள். மற்றவர்கள் கதவோரம் நின்றார்கள்.

ஸ்டெப்னி மெஷினுக்கு அடியிலிருந்து வந்தான். மூக்கை நீட்டினான். பிஸ்கட்டை மோக்கவில்லை. அவள் கையைத்தான் மோந்தான். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று ஒவ்வொரு இடமாக. இப்போது திருப்பிக்கொள்வான், இப்போது திருப்பிக்கொள்வான் என்று அக்காவின் மனசு அடித்துக்கொண்டது. அவன் திருப்பிக்கொள்ளவில்லை. பல் படாமல், உதட்டால், மெதுவாக அதை வாங்கினான். நறுக்கென்று கடித்தான். தின்றான்.

அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது. நாத்தனார் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் புருஷன் தோளில் துடைத்தாள். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான்தான் சொன்னேனே," என்றார். அவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தரையிலிருந்து எழாமலே போனை எடுத்து டாக்டருக்கு அடித்தாள். விடுமுறை, சாப்பாட்டு நேரம் என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"டாக்டர்! சாப்பிட்டான் டாக்டர்! ஸ்டெப்னி சாப்பிட்டுட்டான்!"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். "என்னத்தச் சாப்பிட்டான்? எவ்வளவு? எப்ப? உடனே தூக்கிட்டு வாங்க, நான் கிளினிக்குக்குக் கிளம்பறேன்!"

"ஐயோ இல்ல டாக்டர், நான் செஞ்சதத்தான் சாப்பிட்டான்."

"அதனாலதாம்மா கேக்கறேன்! என்ன போட்டீங்க?"

"பூசணி, ஓட்ஸ், முட்டை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"வெங்காயம்?"

"வீட்டுலயே இல்ல."

"உப்பு?"

"ஒரு கல்லு இல்ல. எங்க வீட்டு மாப்பிள்ளை தின்னுட்டு அட்டைன்னுட்டாரு, அவரையே கேளுங்க."

மறுமுனையில் டாக்டர் மூச்சுவிட்டது கேட்டது. பிறகு அவர் சிரிப்பதும். "நல்லாயிருக்கட்டும்மா. என் உயிரே போயிடுச்சு. சரி, இதுக்கா போன் பண்ணீங்க? நல்ல நாள் அதுவுமா?"

"என் கையில வாங்கினான் டாக்டர். ஒரு வருஷம் கழிச்சு. என் கையில."

அடுத்துப் பேசியபோது டாக்டர் குரலிலும் கொஞ்சம் சர்க்கரை இருந்தது. எப்படி வாங்கவைத்தீர்கள், முழுசாகச் சொல்லுங்கள், இங்கே வரும் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்றார். அக்காவும் வெங்காயத்தில் தொடங்கி, நாத்தனார் மூக்குக்கு வந்து, பீன்ஸை வெட்டிய கத்தரி வரைக்கும் போய்விட்டாள். அப்போது முழங்கால்மேல் ஏதோ கனமாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி அவள் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டெப்னி அவளுடைய வெறும் கையையே பார்த்தபடி நின்றான்.

"மிச்சத்த அப்புறம் சொல்றேன் டாக்டர்," என்றாள் அக்கா. "என் புள்ள என்கிட்ட சாப்பாடு கேக்கறான்."